பின் இருக்கையில் அம்மப்பா

அம்மாவின் தகப்பன் எங்களோடு வந்து தங்கிய பனிக்காலத்தில், என் அப்பா அவரை "ஐயா" என்றே கூப்பிட்டார். உங்கள் வீடுகளில் அப்படி இல்லை. மோர்னிங்சைட்டில் நம் சனம் வந்து குடியேறிய அந்த மூன்று கட்டடங்களின் படிகளிலும் என்னோடு ஓடித் திரிந்த உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் அப்பாமார் தங்கள் மாமனாரை "மாமா" என்றார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு இருந்து கடுதாசிச் சீட்டு விளையாடினார்கள், தோற்றால் சண்டையும் பிடித்தார்கள். எனக்கு அப்போது பத்து வயது. வித்தியாசம் காதில் விழுந்தது, காரணம் விளங்கவில்லை.

இப்போது நமக்கெல்லாம் முழங்கால் நோ தொடங்கிவிட்டது. இதை வெளியே சொல்லாதே என்று அன்று என்னிடம் சொன்ன அம்மாவே, "எழுதன், இனி என்ன" என்கிறார்.

அம்மப்பா யாழ்ப்பாணத்தில் பேர்பெற்ற அப்புக்காத்து. வழக்கறிஞரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அம்மம்மா போய்விட்டார், வீடு நாட்டில் நடந்த சண்டையில் போய்விட்டது, லண்டனில் இருந்த மாமா ஒவ்வொரு கடிதத்திலும் அடுத்த வருடம் கூப்பிடுகிறேன் என்று எழுதினார். அம்மாவோடு அம்மப்பா பன்னிரண்டு வருடம் கதைக்கவில்லை. ஏன் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அம்மா எழுதிய நீண்ட கடிதத்துக்கு ஒரு வரியில் பதில் வந்தது: "வருகிறேன்."

விமான நிலையத்தில் அவர் சக்கர நாற்காலியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடந்து வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, கையில் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி, நீலக் குப்பியில் வரும் கொலோன் வாசனை.

"வந்திட்டியளே" என்றார் அம்மா.

"வந்திட்டன்."

என் தலையைத் தொட்டார். அப்பா மூன்றடி தள்ளி நின்றார். அம்மப்பா அந்தப் பக்கம் பார்க்காமலே தோல் பெட்டியை நிலத்தில் வைத்தார். அப்பா வந்து அதைத் தூக்கினார்.

காரடியில் அம்மப்பா நேரே போய் இடது பக்கப் பின்கதவடியில் நின்றார். ஊரில் கார் ஓடுபவர் வலப்பக்கம் இருப்பார், சொந்தக்காரர் இடப்பக்கம் பின்னால் இருப்பார். இங்கே எல்லாம் மாறி இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அப்பா பெட்டியை வைத்துவிட்டு விரைந்து வந்து, சுற்றிப் போய், வலப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அம்மப்பா சுற்றி வந்து ஏறினார். அம்மா முன் கதவைத் திறந்தவர், கொஞ்சம் யோசித்துவிட்டு மூடினார், பின்னால் வந்தார். நான் நடுவில். நெடுஞ்சாலை முழுக்க அப்பா முன்னால் தனியே இருந்து ஓட்டினார், பக்கத்து இருக்கையில் அம்மாவின் கைப்பை மட்டும் இருந்தது. அப்பா வழக்கமாகக் கார் ஓடும்போது பழைய பாட்டு முணுமுணுப்பார். அன்று துடைப்பான் கண்ணாடியில் உரசும் சத்தம்தான்.

எங்களுடையது ஒன்பதாம் மாடி, இரண்டு அறை. என் அறை அம்மப்பாவுக்குப் போனது, நான் ஹோலில் சோபாவில் படுத்தேன். வெப்பக் குழாய் டிக் டிக் என்று அடிக்கும், வீட்டுக்குள் பொரித்த மீன் மணமும் கொலோன் மணமும் கலந்து நிற்கும். அப்பா பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் லொறி ஓடினார். முன்பு வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு சோபாவில் விழுந்து, என்னைத் தன் காலில் ஏறி மிதிக்கச் சொல்வார். அம்மப்பா வந்த பிறகு அவர் சோபாவில் இருக்கவில்லை. குசினியில் நின்றபடியே சாப்பிட்டார். அம்மா "வந்து மேசையிலை இருங்கோவன்" என்றால், "பசி அவ்வளவா இல்லை" என்பார். அதைச் சொல்லும்போதே இரண்டாம் முறை சோறு போடுவார்.

அம்மப்பா அப்பாவை எந்தச் சொல்லாலும் கூப்பிடவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்வார், அல்லது காற்றுக்குச் சொல்வார். "கார் சூடாயிற்றோ?" "கதவு பூட்டியாச்சோ?" கேள்வி வந்ததும் அப்பா எழுந்து போய்ச் செய்வார்.

அம்மப்பாவுக்கு ரிவி பிடிக்காது, ஒன்றைத் தவிர. சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு சனலில் பழைய கறுப்பு வெள்ளை ஹொலிவூட் படங்கள் போடுவார்கள். எங்கள் ரிவியில் சனல் மாற்றும் குமிழ் உடைந்திருந்தது, குறட்டால் பிடித்துத் திருப்ப வேண்டும். அது என் வேலை. அம்மப்பா கொழும்பில் சட்டம் படித்த காலத்தில் தியேட்டரில் பார்த்த படங்களாம். அன்று ஒரு படம் தொடங்கியதும் நிமிர்ந்து இருந்தார்.

படங்கள் பேசத் தொடங்கிய புதிதில் எடுத்தது அது. மழை பெய்வது போல இரைச்சல். பணக்காரக் கப்பல் முதலாளியின் மகள், கழுத்தில் ரோமப் பட்டி வைத்த கோட்டுப் போட்டவள், தன் தகப்பனின் காரோட்டியை விரும்புகிறாள். அவள் பின்னால் இருந்து அவன் பின்கழுத்தையும் தொப்பியையும் பார்த்துக்கொண்டே வருவதைக் கனநேரம் காட்டினார்கள். ஒரு நாள் அவன் திரும்பி, தொப்பியோடு, அவளிடம் ஏதோ கேட்கிறான். அவள் சிரிக்கிறாள்.

"பாத்தியே" என்றார் அம்மப்பா. "அவன் தொப்பியைக் கழட்டேல்லை. அதிலைதான் பிழை தொடங்கினது."

"என்ன பிழை?"

"முதலாளியின்ரை பெட்டையோடை கதைக்கேக்கை தொப்பியைக் கழட்டவேணும்."

குசினியில் வெங்காயம் வெட்டும் சத்தம் நின்றது.

அவர்கள் ஓடிப்போய்க் கலியாணம் செய்கிறார்கள். ஒரு சின்ன அறை, கயிற்றில் காயும் துணிகள், அவள் தன் மெல்லிய கைகளால் இஸ்திரிப் பெட்டி பிடித்துச் சட்டை அழுத்தி விரலைச் சுட்டுக்கொள்கிறாள். அவனுக்கு வேலை போகிறது. அவள் தகப்பன் பட்டுத் தொப்பியோடு அந்த வீட்டுப் படிகளில் மூச்சு வாங்க ஏறி வருகிறார். நான் என் சட்டையின் கழுத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். கதவு திறக்கிறது. அந்த நேரம் ஒரு கடிதம் வருகிறது: காரோட்டி உண்மையில் ஒரு பிரபுவின் மகன், தகப்பனோடு கோபித்து வந்தவன். கப்பல் முதலாளி அவனைக் கட்டிப்பிடிக்கிறார். வாத்தியம்.

"அதெப்பிடி?" என்றேன்.

"படத்திலை கடைசியிலை நல்ல குடும்பத்துப் பெடியன் எண்டு வந்திடும். சனம் கண்ணைத் துடைச்சுக்கொண்டு வீட்டை போகும்."

"அப்பிடி இல்லாட்டி?"

"அப்பிடி இல்லாட்டிப் படம் இல்லை."

அம்மா குசினி வாசலில் நின்றார். கையில் கத்தி, கண் சிவந்திருந்தது. வெங்காயம் என்று நினைத்தேன். "முடிஞ்சுதே? சாப்பிட வாங்கோ" என்றார்.

அந்தப் படத்தின் பெயர் எனக்குத் தெரியாது. வளர்ந்த பிறகு தேடிப் பார்த்தேன், அந்தக் காலத்துப் படங்களில் பல இப்போது எங்கேயும் இல்லையாம். இதுவும் அப்படிப் போயிருக்கலாம்.

அடுத்த கிழமை அம்மப்பாவை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது. அப்பா முன்னதாகவே போய்க் காரைக் கட்டட வாசலுக்குக் கொண்டுவந்து, கதவைத் திறந்து வைத்திருந்தார். குளிரில் அவர் மூச்சு வெள்ளையாகப் போனது.

"அப்பா, முன்னுக்கு இருங்கோ" என்றார் அம்மா. "பின்னுக்கு நானும் பிள்ளையும் இருக்கிறம்."

"எனக்குப் பின்னுக்கு வசதி."

"எனக்கு வசதி இல்லை."

"என்ன பழக்கம் உது, ரோட்டிலை நிண்டு?"

"முன்னுக்கு இருங்கோ அப்பா. ஒரு நாளைக்கு இருங்கோ."

அம்மாவின் குரல் உயர்ந்தது. வாசலில் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். அப்பா மெதுவாகச் சொன்னார்:

"விடுங்கோ சின்னம்மா."

அப்பாவின் முகம் சாம்பலாகப் போனது. அம்மா பின்னால் ஏறினார், அம்மப்பாவும் ஏறினார். சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கச்சி. அப்பா ஏன் அம்மாவை அப்படிச் சொல்ல வேண்டும்? நான் வழியில் இரண்டு முறை கேட்டேன். அம்மா என் கோட்டின் பொத்தானைப் பூட்டிவிட்டார்.

அம்மா அதை எனக்குச் சொன்னது நிலக்கீழ் மாடியில், உடுப்புத் தோய்க்கும் அறையில். நாணயம் போட்டால் ஓடும் அந்தப் பச்சை மெசின்களை மறந்திருக்க மாட்டீர்கள். அம்மா அதில் ஒன்றில் சாய்ந்து நின்றார்.

"உன்ரை அப்பா எங்கடை வீட்டிலை கார் ஓடினவர். மூண்டு வருசம் என்னை ரைப்பிங் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டவர். அந்த வீட்டிலை வேலை செய்யிற ஆக்கள் என்னைச் சின்னம்மா எண்டுதான் சொல்லுறவை."

"பிறகு?"

"பிறகு நாங்கள் ரெண்டு பேரும் வேறை ஊரிலை போய்க் கலியாணப் பதிவு எழுதினம். அம்மப்பா தனக்கு மகளே இல்லையெண்டு சொல்லிப்போட்டார்."

மெசின் ஆடத் தொடங்கியது. அம்மா அதன் மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்தார்.

"இது இந்தப் பில்டிங்கிலை ஆருக்கும் தெரியாது. அப்பா கொழும்பிலை ஒரு கொம்பனியிலை இருந்தவர் எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறன். நீ ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. விளங்குதே?"

"ஏன்?"

"அவரை ஆரும் ஒரு மாதிரிப் பாக்கக்கூடாது."

அது அப்பாவுக்காக என்று அம்மா நம்பினார். எவ்வளவு பகுதி அப்பாவுக்காக, எவ்வளவு தனக்காக என்று அவருக்கே அப்போது தெரியவில்லை. அம்மாவுக்கு அன்று முப்பத்தாறு வயது. என் மகளைவிடச் சில வயதுதான் கூட.

இனி நான் சொல்லப்போவதை உங்களிடம்கூட இதுவரை சொன்னதில்லை. அன்றிலிருந்து நான் அந்தக் கடிதத்துக்குக் காத்திருந்தேன். படத்தில் வந்தது போல அப்பாவும் உண்மையில் வேறு யாரோவாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஒரு பின்னேரம் பெற்றோல் அடிக்கப் போனபோது கேட்டேன்.

"அப்பா, உங்கடை அப்பா ஆர்?"

"றெயில்வேயிலை இருந்தவர்."

"பெரிய ஆளோ?"

"றெயில் வரேக்கை ரோட்டிலை கேற் மூடுறவர். றெயில் போனால் திறப்பார்." அப்பா சிரித்தார். "நான் உன்ரை வயசிலை அவருக்குச் சோறு கொண்டுபோய்க் குடுப்பன். சில நேரம் என்னையும் கேற்றைத் திறக்க விடுவார்."

அவர் அதைச் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அது என் முகத்தில் தெரிந்திருக்கும். அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு, பெற்றோல் குழாயைத் திரும்ப மாட்டினார்.

பிறகுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மப்பாவோடு ஊரில் ஒரே கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், இருந்த நீதவான் ஒருவர், ஒஷாவாவில் மகளோடு இருப்பவர், அம்மப்பா வந்திருப்பதை அறிந்து மனைவியோடு சாப்பாட்டுக்கு வருவதாகப் போன் எடுத்தார். அவர் ஊரில் அந்த வீட்டுக்கு நூறு முறை வந்தவர். அந்தக் காரில் நூறு முறை ஏறியவர்.

மூன்றாம் நாள் அம்மப்பா, அப்பாவைப் பற்றி அம்மாவிடம் கேட்டார்:

"ஞாயிற்றுக்கிழமை உவருக்கு வேலை இருக்கோ?"

அம்மா கையில் இருந்த கோப்பையைத் துடைத்தார். துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தார். பிறகு தலையாட்டினார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது குசினியில் அப்பாவோடு தாழ்ந்த குரலில் கதைத்தார். அப்பா சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. "அதுக்கென்ன. ஓவர்ரைம் இருக்கு. நான் போறன்."

ஞாயிறு காலை அப்பா சாப்பாட்டுப் பெட்டியோடு போய்விட்டார். அம்மா ஆட்டிறைச்சிக் கறியும் இறால் பொரியலும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தார். நீதவான் பெரிய உடம்புக்காரர், கைகளைத் தேய்த்துக்கொண்டு உரத்துச் சிரிப்பார். அவர் மனைவி என் கன்னத்தைப் பிடித்து, "அப்பா எங்கை?" என்றார்.

"வேலை, அன்ரி."

"மருமகன் என்ன செய்யிறார்?" என்று நீதவான் அம்மப்பாவிடம் கேட்டார்.

"ட்ரான்ஸ்போட்."

"சொந்தக் கொம்பனியோ?"

அம்மப்பா தண்ணீர் குடித்தார். விடையை நீதவான் தானே முடிவு செய்துகொண்டு, "நல்லது, நல்லது" என்றார்.

மேசைக்கு ஒரு கதிரை குறைந்தது. நிலக்கீழ் பார்க்கிங்கில் எங்கள் சாமான் அறையில் மடக்குக் கதிரை இருந்தது. அம்மா பூட்டின் திறப்பைத் தந்து என்னை அனுப்பினார்.

அங்கே எங்கள் கார் நின்றது. கண்ணாடிகள் உள்ளே ஆவி பிடித்து வெள்ளையாக இருந்தன. நான் கையால் தட்டினேன். கண்ணாடி இறங்கியது. அப்பா கோட்டும் தொப்பியும் போட்டு ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். மடியில் சாப்பாட்டுப் பெட்டி, பாதி தின்ற பாண் துண்டு.

"அப்பா? வேலைக்குப் போகேல்லையோ?"

"இண்டைக்கு அங்கை பூட்டு."

"அப்ப ஏன் இஞ்சை இருக்கிறியள்?"

"சும்மா." என் கையைப் பார்த்தார். "கதிரைக்கு வந்தனியே? பொறு, நான் எடுத்துத் தாறன்."

அவரே போய்த் திறந்து, கதிரையைத் தூக்கி லிஃப்ற் வரைக்கும் கொண்டுவந்தார். உள்ளே வைத்துவிட்டுக் கதவைக் கையால் பிடித்தபடி நின்றார்.

"மேலை சொல்லாதை. அம்மாவுக்கும் சொல்லாதை. அவ பாவம்."

நான் மேலே போனேன். அவர் தூக்கிவந்த கதிரையில் என்னைத்தான் இருத்தினார்கள். இறைச்சி நல்ல காரம். என்னால் விழுங்க முடியவில்லை. நீதவான் ஊர்க் கோட்டுக் கதைகளைச் சொன்னார், அம்மப்பா வந்த நாளிலிருந்து முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். ஒவ்வொரு சிரிப்புக்கும் நான் ஒன்பது மாடி கீழே எண்ணிக்கொண்டு போனேன்.

அவர்கள் எழும்பியதும் அம்மப்பா கைத்தடியை எடுத்தார். "நான் காரடி வரைக்கும் வாறன்."

"வேண்டாம் அம்மப்பா, கீழை குளிர்" என்றேன்.

"எனக்குக் குளிர் என்ன செய்யும்?"

"உங்களுக்கு இருமல்."

"பிள்ளைக்கு நல்ல பாசம்" என்றார் நீதவானின் மனைவி.

அம்மா பாத்திரங்களோடு நின்றார், நான் அவர்களோடு போனேன். லிஃப்ற்றுக்குள் முதலில் ஏறியது நான். என்ன செய்கிறேன் என்று தெரியாமலே எட்டு, ஏழு, ஆறு என்று எல்லா மாடிப் பொத்தான்களையும் அமத்தினேன். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது, ஆளில்லாத நடைபாதை தெரிந்தது, கதவு மூடியது. நீதவான் முதலில் சிரித்தார். நாலாம் மாடியில் சிரிக்கவில்லை. அம்மப்பா என்னைப் பார்த்தார், ஒரு சாட்சியைப் பார்ப்பது போல.

பார்க்கிங்கில் கதவு திறந்தபோது அப்பா காருக்கு வெளியே நின்றார். கண்ணாடியின் ஆவியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டார். தூண்கள் இருந்தன, குனிந்திருக்கலாம். அவர் குனியவில்லை. துணியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

நீதவான் இரண்டு அடி வைத்து நின்றார்.

"எட, நீயே?" அவர் முகம் மலர்ந்தது. அம்மப்பாவின் பக்கம் திரும்பினார். "அப்புக்காத்தர், உவனையும் கூட்டிக்கொண்டே வந்தனீங்கள்? இஞ்சையும் உங்களுக்கு உங்கடை றைவர்."

அதில் கேலி இல்லை. அவர் உண்மையாகவே வியந்தார். அம்மப்பா சொல்ல வேண்டியது ஒரு சொல். அவர் நிலத்தில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் என் அப்பா என்பது எனக்குத் தெரிந்த மிகச் சுலபமான வசனம். அது வரவில்லை. பயத்தால் என்று கனகாலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பயம் மட்டும் இல்லை.

அப்பா தொப்பியைக் கழற்றவில்லை. துணியை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

"இல்லை ஐயா" என்றார். "ஐயாவை நாங்கள்தான் கூப்பிட்டனாங்கள். நானும் என்ரை மனுசியும். ஸ்பொன்சர் பேப்பரிலை ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சிருக்கிறம்." பிறகு என்னை நோக்கிக் கையை நீட்டினார். "இது எங்கடை மகள்."

நீதவானுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. சிரிக்கலாமா என்று அம்மப்பாவைப் பார்த்தார், அங்கே சிரிப்பு இல்லை. "ஓ" என்றார். அவர் மனைவி, "வாங்கோ, ரோட்டிலை ஐஸ் பிடிக்க முந்திப் போவம்" என்று அவர் கையைப் பிடித்தார்.

இடம் ஒடுக்கம், இரண்டு பக்கமும் தூண். நீதவானுக்குக் காரைப் பின்னால் எடுக்கத் தெரியவில்லை, பதற்றத்தில் இரண்டு முறை நிறுத்தினார். அப்பா பின்னால் போய் நின்று கையைக் காட்டினார். "வரட்டும்... வரட்டும்... இடது பக்கம் ஒடியுங்கோ... காணும், போதும்." கண்ணாடியை இறக்கி நீதவான், "வாறம்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "வாறம் தம்பி" என்றார்.

லிஃப்ற்றுக்குள் நாங்கள் மூன்று பேர். ஒருவரும் பொத்தானை அமத்தவில்லை. கதவு மூடிக்கொண்டது, லிஃப்ற் அப்படியே நின்றது. அம்மப்பாவின் மூச்சு கேட்டது. கடைசியில் அப்பாதான் கையை நீட்டி ஒன்பதை அமத்தினார்.

கதவைத் திறந்த அம்மா எங்கள் மூன்று முகங்களையும் பார்த்தார், அப்பாவின் கையில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியையும் பார்த்தார்.

"நீங்கள் வேலைக்குப் போகேல்லையே?"

"இல்லை."

"காலமை துவக்கம் எங்கை இருந்தனீங்கள்?"

"கீழை."

அம்மா மேசைக்குப் போய், நீதவான் இருந்த கதிரையை இழுத்தார். "வந்து இருங்கோ" என்றார். அப்பா இருந்தார். அம்மா புதிதாகத் தட்டு எடுத்துச் சோறு போட்டார், இருந்த இறைச்சி முழுவதையும் அதில் போட்டார். அம்மப்பா அறைக்குப் போனார். அம்மா பின்னால் போய் வாசலில் நின்றார்.

"நான் போகச் சொல்லேல்லை" என்றார் அம்மப்பா உள்ளே இருந்து. "வேலை இருக்கோ எண்டுதான் கேட்டனான்."

"கோட்டிலை போய்ச் சொல்லுங்கோ உதை." அம்மாவின் குரல் உயரவில்லை. "நீங்கள் கேட்டியள், நான் தலையாட்டினன். அவரைக் கீழை அனுப்பினது நான். இனிமேல் நான் தலையாட்ட மாட்டன் அப்பா. அவர் இருக்கிற மேசையிலை இருக்க ஏலுமெண்டால் இருங்கோ."

இரண்டு நாள் அம்மப்பா வெறும் தேத்தண்ணீரும் பாணும் மட்டும் எடுத்தார், அதுவும் அறைக்குள். மூன்றாம் நாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது லண்டனுக்குப் போன் கதைத்துக்கொண்டிருந்தார். "ஓம்... ஓம்... பிள்ளையளின்ரை சோதினை முக்கியம்தான்... இல்லை, ஒண்டுமில்லை, சும்மா எடுத்தனான்... சம்மர் லீவுக்குப் பாப்பம்." போனை வைத்துவிட்டு அதன் மேல் கையை வைத்தபடி இருந்தார். அவர் விரல்களில் தோல் எவ்வளவு மெல்லியது என்று அன்றுதான் கண்டேன்.

அன்று பின்னேரம் அவர் மேசைக்கு வந்தார். அப்பா எழும்பப் பார்த்தார். அம்மா அவர் தோளில் கையை வைத்து இருத்தினார். பாத்திரத்தில் கரண்டி படும் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. ஒரு நேரம் அம்மப்பா உப்புப் போத்தலைத் தேடினார். அப்பா அதைத் தள்ளி வைத்தார்.

அம்மப்பா பிறகு ஆறு வருடம் எங்களோடு இருந்தார். லண்டனுக்குப் போகவே இல்லை. பெரிய கட்டிப்பிடிப்புகள் ஒன்றும் நடக்கவில்லை, கடிதமும் வரவில்லை. நீதவான் திரும்ப வரவில்லை. கட்டடத்தில் செய்தி பரவியது, உங்கள் அம்மாமார் சிலர் கொஞ்ச நாள் லிஃப்ற்றில் அம்மாவோடு கதைக்காமல் நின்றார்கள். உங்களுக்கு அது தெரிந்திருக்காது. நான் இங்கே சொல்லி முடிக்க வேண்டியது அந்தப் பனிக்காலத்தின் கடைசியில் நடந்ததை.

அம்மப்பாவுக்குக் கண்ணில் வெண்படலம் எடுக்க வேண்டியிருந்தது. அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை, எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அப்பா வேலைக்குப் போகாமல் எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அம்மப்பா படிவங்களை எல்லாம் தானே, அழகான சாய்ந்த எழுத்தில் நிரப்பினார். நேர்ஸ் கண்ணுக்கு மருந்து விட்டாள். கொஞ்ச நேரத்தால் படிவத்தோடு திரும்பி வந்து, ஒரு இடம் நிரப்பப்படவில்லை, அது இல்லாமல் உள்ளே கொண்டுபோக முடியாது என்றாள்.

அம்மப்பா தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார். "எனக்கு எழுத்துத் தெரியேல்லை. நீ எழுது."

"அவசரத்துக்கு ஆரைக் கூப்பிடுறது எண்டு கேக்கினம்."

"கொம்மான்ரை பேரைப் போடு."

"அம்மாவுக்கு வேலையிலை போன் எடுக்க விடமாட்டினம், அம்மப்பா."

அப்பா எங்கள் மூவரின் கோட்டுகளையும் கையில் மடித்து வைத்துக்கொண்டு சுவரோடு நின்றார். பக்கத்தில் காலிக் கதிரை இருந்தது. களஞ்சியத்தில் கொடுத்த பேஜர் அவர் இடுப்பில் இருந்தது. நேர்ஸ் பேனையோடு காத்திருந்தாள். மருந்தில் கலங்கிய கண்களோடு அம்மப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினார். அப்பா அவருக்கு ஒரு நிழலாகத்தான் தெரிந்திருப்பார்.

"முழுப்பேர் என்ன உங்களுக்கு?"

தன்னைத்தான் கேட்கிறார் என்று அப்பாவுக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அப்பா சொன்னார்.

"தேப்பன்ரை பேர்?"

அதையும் சொன்னார். நான் எழுதினேன், பேஜர் நம்பரையும் எழுதினேன். அடுத்த கட்டத்தில் பேனை நின்றது.

"இன்னொரு இடம் இருக்கு. என்ன உறவு எண்டு."

யாரோ ஒருவரின் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒரு கிழவர் எழும்பி நடந்து போனார். அம்மப்பா இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்தபடி இருந்தார். அப்பா கையில் இருந்த கோட்டுகளை மற்றக் கைக்கு மாற்றினார்.

"எழுது" என்றார் அம்மப்பா.

அந்தச் சொல்லை இங்கிலீசில் நான் கேட்டிருக்கிறேன், ஒருநாளும் எழுதியதில்லை. பிழையாக எழுதினால் திரும்ப நிரப்பச் சொல்வார்களோ என்று பயமாக இருந்தது.

"அம்மப்பா, அது ஒரு சொல்லா, மூண்டு சொல்லா?"

"மூண்டு. இடையிலை கோடு வரும்."

"எத்தினை கோடு?"

"ரெண்டு" என்றார். "சன், ஒரு கோடு. இன், ஒரு கோடு. லோ, சட்டத்துக்கு எழுதுற அதே லோ." கொஞ்சம் நிறுத்தினார். "வடிவா எழுது. வாசிக்கிற ஆக்களுக்கு விளங்கவேணும்."